சம்பந்தி ஆசி கொடுத்த முயல்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கம்பளியைக் காலுக்கு இழுத்து விட்டுக்கோங்க. இன்னிக்கு உங்களுக்கு ஒரு முயல் கதை. எங்க அத்பாஷி ஊர்ல, எச்சில் துப்பினா தரையில விழறதுக்குள்ள கல்லாகிற ஒரு குளிர்காலத்துல, எசென்–அல்மாஷ் புருஷன் பெண்டாட்டி வீட்டு மாட்டுக் கொட்டில்ல நடந்த பேச்சு இது. நடுவுல நான் வாயைத் திறக்கமாட்டேன். அவங்களே பேசட்டும். அல்மாஷ் ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டா, கேளுங்க.

— அவர் ஆசி சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நீங்க ஏங்க அப்படியே ஆகட்டும்னு ‘ஓமின்’ சொன்னீங்க?

— நான் என்ன பண்றது, அல்மாஷ்? அவரு ரெண்டு கையையும் விரிச்சாரு, ஆசியை முடிச்சாரு, முகத்தைத் தடவினாரு. என் கையும் தானா போயிடுச்சு. பொறந்ததுல இருந்து பழக்கம்.

— ஒரு கையில முயலு. இன்னொரு கையில ஓமினு.

— பாதி முகத்தைத்தான் தடவினேன். பாதி ஆசிதான் செல்லும்னு சொல்லிப் பாக்கலாமா?

— சிரிப்பு வரலை எனக்கு. தண்ணிக் கிண்ணம் கவுந்து படுக்கை நனைஞ்சுபோச்சு, வைக்கோல் மாத்தற வரைக்கும் இவனைக் கோட்டுக்குள்ள வச்சுக்கோங்கன்னு சொன்னேன். வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போங்கன்னா சொன்னேன்?

— வண்டி ஹாரன் அடிச்சுதுல்ல. எட்டிப் பாத்தா நம்ம சம்பந்தி. நிச்சயம் பண்ணினதுக்கப்புறம் மனுஷன் முதல் தடவையா வீட்டுக்கு வர்றாரு. வாசல்ல போய் நிக்காம, ‘இருங்க, முயலைப் படுக்க வச்சுட்டு வரேன்’னு கொட்டில்ல இருந்து கத்தவா?

— கோட்டுப் பொத்தானையாவது போட்டிருக்கலாம்.

— போட்டிருந்தா, ‘அவனுக்கு மூச்சு முட்டும்’னு நீதான் என்னைத் திட்டியிருப்பே.

— விருந்தாளி வந்து இறங்கறாரு. வீட்டுக்காரன் உயிரோட ஒரு பிராணியைத் தூக்கிட்டு எதிர்ல வந்து நிக்கறான். அவர் என்ன நினைப்பாரு? ‘எனக்காக அறுக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி ஆசி கேக்கறாங்க’ன்னுதான் நினைப்பாரு. நானா இருந்தாலும் அதைத்தான் நினைச்சிருப்பேன்.

— அதேதான் நடந்துது. இப்ப உன் கல்பாக் சம்பந்தி விருந்து.

— அப்படிச் சொல்லாதீங்க. அவன் காதுல விழுது.

— கழட்டி வச்ச வெள்ளைத் தொப்பி மாதிரி இருக்கான்னு ஆம்பளைங்க தலையில வைக்கிற கல்பாக்கோட பேரை ஒரு முயலுக்கு வச்ச பொம்பளை இந்தப் பள்ளத்தாக்குலேயே நீ ஒருத்திதான். ஊர்ல என்னைப் பாத்து, ‘என்ன எசென், இன்னிக்குக் கல்பாக்குக்குப் புல்லு போட்டாச்சா’ன்னு கேக்கறானுங்க.

— கேக்கட்டும். அவர் இப்ப உள்ள என்ன பண்றாரு?

— டீ குடிக்கறாரு. டி.வி.யில மல்யுத்தம் ஓடுது. ஆனா அதைப் பாக்கலை. நடுவுல உக்காருங்க சம்பந்தின்னு மெத்தையை விரிச்சு வச்சேன்; போகலை. கதவோரமாவே உக்காந்துட்டாரு. பொரிச்ச மாவுத் துண்டு, அந்தப் போர்சோக்ல ஒண்ணே ஒண்ணை எடுத்தாரு, அதையும் உடைச்சு உடைச்சு வச்சுட்டாரு.

— முகம்?

— முகம் சரியில்லை, அல்மாஷ். சொல்லாம கொள்ளாம, இந்தக் குளிர்ல, கணவாயைத் தாண்டி ஒத்தையா வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு. போன வருஷம் நம்ம ஆடுங்க செத்த சேதி அவருக்கு எட்டியிருக்கும். ‘ஆட்டையே குளிர்காலம் தாண்டிக் கரையேத்தத் தெரியாத வீடு, என் பொண்ணு நூரிஸாவை எப்படிக் காப்பாத்தும்’னு எவனாவது காதுல ஊதியிருப்பான்.

— நம்ம பையன் எல்தியாருக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுடுவான். போன்ல அந்தப் பொண்ணு பேரைச் சொல்றப்பவே அவன் குரல் மாறுது.

— அதனாலதான் சொல்றேன். இன்னிக்கு இந்த மனுஷனுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாம்பெத்கிட்ட ஒரு ஆடு கேக்கறேன். இருக்கற ஆடெல்லாம் மலையில என் தம்பிகிட்ட இருக்கு, இந்தப் பனியில இறக்க முடியாது.

— ஆசி அந்த ஆட்டு மேலயா விழுந்துது? இவன் தலை மேல விழுந்துது. ஆசி விழுந்த உயிரை விட்டுட்டு வேற ஒண்ணை அறுத்தா, அவர் ஆசியை அவர் முகத்துலேயே திருப்பி எறிஞ்ச மாதிரி.

— அப்ப இவனைத்தான்.

— இவனை அறுத்து? பாதி கிண்ணம் வராது.

— அதை விடு. விருந்துல மூத்தவர் முன்னாடி தலையை வைக்கணுமே. ஆட்டுத் தலை வைக்கற அவ்வளவு பெரிய தட்டுல முயல் தலையை வச்சு, நான் எந்த முகத்தோட நீட்டுவேன்? அவரு அதுல காதை அறுத்துச் சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுப்பாரு. காது மட்டும் தாராளமா இருக்கு, ஊருக்கே குடுக்கலாம்.

— எசென்.

— சரி, சரி. அழாதே. கண்ணீர் கன்னத்துலேயே உறைஞ்சுடும்.

— நான் அழலை. இவனைப் பிடிங்க. படுக்கை தயார். அடியில பலகை, அதுக்கு மேல வைக்கோல், நடுவுல குழி விட்டிருக்கேன், தானே திரும்பித் திரும்பிக் கூடு பண்ணிக்குவான். கம்பளத் துண்டை உள்ள போட்டுடாதீங்க.

— ஒரு தடவை போட்டதுக்கு இன்னும் எவ்வளவு நாள் சொல்லிக் காட்டுவே? குளிருமேன்னு போட்டேன்.

— கடிச்சுத் தின்னான். வயிறு அடைச்சுக்கிட்டு புழுக்கையே போடாம கிடந்தான். நான் ராவும் பகலும் வயித்தை நீவி விட்டது உங்களுக்கு மறந்துபோச்சு. கம்பளம் பெட்டிக்கு வெளியில. உள்ள வைக்கோல் மட்டும். கேட்டுக்கோங்க.

— கேட்டுக்கிட்டேன். பாவம் பாத்து அடுப்பு பக்கத்துல கொண்டுபோய் வச்சதையும் சொல்லிடு. ஒரேயடியா முடிஞ்சிரும்.

— சொல்லத்தான் போறேன். குளிர்காலத்து ரோமம் போட்டுக்கிட்டு நிக்கறவனை அடுப்போரம் வச்சா என்ன ஆகும்? நாக்கு தள்ள மூச்சு வாங்கினான். ‘ஐயோ வேர்க்குது’ன்னு உடனே திருப்பிப் பனியில கொண்டுபோகப் பாத்தீங்க. நான் மட்டும் குறுக்க நிக்கலைன்னா அன்னிக்கே போயிருப்பான். அடுப்பில்லாத நடை ரூம்ல வச்சு, மெல்ல மெல்லப் பழக்கித்தானே மறுபடி இங்க கொண்டு வந்தேன்?

— அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தி... நான் என்ன பண்றது, சொல்லு. உனக்கு இவன் வேணும். பையனுக்கு அந்தப் பொண்ணு வேணும்.

— கத்தி எங்க?

— என்ன?

— கத்தியை எடுத்துட்டு வாங்க. என் பையன் வாழ்க்கையை விட ஒரு முயல் பெரிசில்லை. ஆனா நான் இங்க நிக்கமாட்டேன்.

— அல்மாஷ், கொஞ்சம் பொறு. வெளியில காலடிச் சத்தம் கேக்குது.

— சம்பந்தி, இங்கதான் இருக்கீங்களா?

— வாங்க, வாங்க. குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு. நீங்க ஏன் சூயுன்பை அண்ணே இந்தக் குளிர்ல வெளிய வந்தீங்க? டீ ஆறியிருக்குமே. அல்மாஷ் எரு எடுக்க வந்தா. நான் கத்தி தீட்டலாம்னு...

— அது சரி. தீட்டற சத்தம் கேக்கலியேன்னுதான் வந்தேன்.

— கத்தி மொக்கையா இருக்கு, அண்ணே. சாணைக்கல்லைத் தேடறேன், பாத்துக்கோங்க, எங்க வச்சேன்னே...

— என்கிட்ட கத்தி இருக்கு. இந்தாங்க. பயணம் போறப்ப இடுப்புல இல்லாம நான் போறதில்லை.

— ஆகா. நல்ல கத்தி.

— சம்பந்தி, அந்தக் கத்தியை உள்ள வைங்க.

— அல்மாஷ்.

— நீங்க சும்மா இருங்க. கத்தியை எடுத்துட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். ஆனா சம்பந்தி கையில பாத்ததும் என்னால முடியலை. சம்பந்தி, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி. இவர் உங்ககிட்ட இவனை ஆசிக்குக் கொண்டு வரலை. நான் படுக்கை மாத்திட்டிருந்தேன், இவர் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாரு, நீங்க வந்துட்டீங்க. இவன் கறிக்கு வளர்ற முயல் இல்லை.

— அது சரி. பின்ன எதுக்கு வளக்கறீங்க?

— எதுக்கும் இல்லை. கல்பாக்னு பேரு வச்சிருக்கேன். காலையில கதவைத் திறந்தா வைக்கோலுக்குள்ள இருந்து ரெண்டு கருப்புக் காது எழுந்திருக்கும். அதுக்குத்தான்.

— காதா. அந்தக் காதாலதான் எல்லாமே. உங்க வாசல்ல வெயில் பனி மேல பட்டு கண்ணைக் கூசுது. இவர் கையில வெள்ளையா ஒரு உருண்டை. ‘அடேங்கப்பா, ஆட்டுக்குட்டி’ன்னு நினைச்சுக் கையை விரிச்சேன். பாதி ஆசி சொல்லியிருப்பேன், அந்தக் காது ரெண்டும் விறைப்பா நிமிர்ந்துது. முயலு.

— அப்பவே பாத்துட்டீங்களா?

— பாத்துட்டேன். பாதியில நிறுத்தறதா? ஆசியைப் பாதியில விழுங்கினவன்னு பேர் வாங்கறதா? முழுசாச் சொல்லி முடிச்சேன். நீங்க ஓமின் சொல்லாம இருந்தா தப்பிச்சிருப்பேன், சம்பந்தி. ரொம்ப சுறுசுறுப்பாச் சொன்னீங்க.

— நான் என்ன பண்றது, அண்ணே. கை தானா...

— அதுல இருந்து கதவோரமா உக்காந்து யோசிக்கறேன். முயல் கறி நான் தின்னதில்லை. என்னைப் பாத்துக் காதை ஆட்டின ஒண்ணை எப்படித் தின்னறது? சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டை வேணாம்னும் சொல்ல முடியாது. அதான் போர்சோக்கை உடைச்சு உடைச்சு வச்சேன்.

— நாங்க அதைப் பாத்து, எங்க வீடு உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சோம்.

— அது சரி.

— பிடிக்கலையா, சம்பந்தி?

— தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கொட்டில்ல நெருப்பு இல்லை. கூரைக்கு அடியில அந்த மூலையில சந்து விட்டிருக்கீங்க, வெளிச்சம் தெரியுது. குளிர் உள்ள வராதா?

— வரும். வரட்டும்னுதான் விட்டிருக்கேன். பசுவும் கன்னும் மூச்சு விடற ஈரம் வெளிய போகணுமே. இல்லைன்னா கூரையில கோத்துச் சொட்டும். ரோமம் நனைஞ்சா இவனால தாங்க முடியாது. காஞ்ச குளிரைத் தாங்கிக்குவான். காத்து மட்டும் நேரா மேல அடிக்கக் கூடாது, அதுக்காகப் பெட்டியைத் திருப்பி வச்சிருக்கேன்.

— தண்ணி?

— வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பா. காலையில, மதியம், இருட்டறப்ப. பழைய கம்பளி பூட்ஸோட மேல்பாகத்தை வெட்டிக் கிண்ணத்தைச் சுத்தி மாட்டியிருக்கேன், கொஞ்ச நேரம் உறையாது. தண்ணி உறைஞ்சா குடிக்கமாட்டான், குடிக்கலைன்னா தின்னமாட்டான். தின்னலைன்னா உள்ள சூடு ஏது? அதனால புல்லு மட்டும் எந்நேரமும் முன்னாடி கிடக்கும். கேரட் துண்டு உறைஞ்சு போனா நான் எடுத்துக் கன்னுக்குக்கூடப் போடறதில்லை.

— காது சில்லுனு இருக்கே.

— சில்லுனுதான் இருக்கணும். வளைஞ்சு குடுக்குதா பாருங்க. குடுக்குதில்ல? விறைச்சிருந்தாத்தான் பயம். மூக்கைத் தொடுங்க, காஞ்சிருக்கு. தினமும் ரெண்டையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் நான் பால் கறக்கறதே.

— நான் இந்தப் படுக்கையில கையை விடலாமா?

— விடுங்க. கடிக்கமாட்டான். மோந்து பாப்பான்.

— ம். அடி வரைக்கும் விட்டிருக்கேன். பலகை தட்டுப்படுது.

— இப்பத்தான் மாத்தினேன்.

— பக்கத்துல கன்னோட படுக்கை? அதை இப்ப மாத்தலையே?

— அதுலயும் விட்டுப் பாருங்க.

— காஞ்சுதான் இருக்கு. நான் பிறந்ததுல இருந்து ஆட்டோட இருக்கறவன், தங்கச்சி. நிறைய பட்டியில கையை விட்டிருக்கேன். முழங்கை வரைக்கும் நனையாம எடுக்கறது அபூர்வம். அப்ப போன வருஷம் ஆடு எப்படிப் போச்சு?

— அதை நான் சொல்றேன், அண்ணே. கேள்விப்பட்டுத்தான் வந்திருப்பீங்க. மலைப்பட்டியில குளிர் ஜாஸ்தியாச்சு. நானும் என் தம்பியும் ஆடு செத்துடுமேன்னு பட்டியை ஒரு ஓட்டை விடாம அடைச்சோம். சாணி பூசி, கம்பளம் தொங்கவிட்டு. உள்ள கதகதன்னு இருந்துது. எங்களுக்கே அங்க படுத்துக்கலாம்போல ஆசை. ஆடுங்க மூச்சே தண்ணியாக் கோத்து அதுங்க மேலயே சொட்டியிருக்கு. மேய விட்டோம். நனைஞ்ச கம்பளி வெளிக்காத்துல கண்ணாடியா உறைஞ்சுது. பாதி மந்தை போச்சு.

— அடைச்சதாலயா?

— அடைச்சதாலதான். ஊர்ல குளிர்ல செத்துதுன்னு சொல்றாங்க. நானும் ஆமான்னுட்டேன். குளிர் மேல பழியைப் போட்டா அது திருப்பிப் பேசாது. அப்புறம் இவதான் இவனைச் சந்தையில இருந்து வாங்கிட்டு வந்து, கூரைக்கு அடியில இந்த இடைவெளியை விட்டு, வைக்கோலைப் போட்டு... இந்த வருஷம் மலைப்பட்டிக்கும் இதே மாதிரி கூரையில வழி விட்டிருக்கோம். தம்பி நேத்துப் போன் பண்ணினான். ஒரு ஆடுகூட இருமலையாம்.

— அது சரி. அந்தத் தொப்பிக்காரனை இப்படிக் குடுங்க. மடியில வச்சுப் பாக்கறேன்.

— பின்னங்காலுக்கு அடியில கையைக் குடுங்க, சம்பந்தி. தொங்கவிட்டா உதைப்பான்.

— தெரியும், தெரியும். ஆமா. நான் நினைச்சது சரியாத்தான் இருக்கு.

— என்ன நினைச்சீங்க?

— இது சினை.

— என்னது?

— வயித்தைத் தொட்டுப் பாத்துட்டேன். சினை முயல். நல்லா நிறைஞ்சிருக்கு.

— இல்லை சம்பந்தி, இவன் ஆண். வேணும்னா திருப்பிப் பாருங்க. வயித்துல இருக்கறது புல்லு.

— சினைன்னு சொல்றேன். சினையா இருக்கற உயிரை அறுக்கறது நம்ம வழக்கத்துல கிடையாது. தெரியாம அதுக்கு ஆசி குடுத்திருந்தா அந்த ஆசி செல்லாது. எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.

— அது எனக்கும் தெரியும். ஆனா இவன் போன மாசம்கூட மாம்பெத் வீட்டுப் பெட்டை முயலைப் பாத்துட்டு...

— அல்மாஷ்.

— என்னங்க?

— சம்பந்தி சொன்னா மறுத்துப் பேசறதும் நம்ம வழக்கத்துல கிடையாது.

— அதுக்காக ஆண் முயலைப் போய்... ஓ.

— புரிஞ்சுடுச்சு. கொஞ்சம் லேட்டு, ஆனா புரிஞ்சுடுச்சு.

— ஆமா சம்பந்தி. எனக்கும் கொஞ்ச நாளாச் சந்தேகம்தான். ரெண்டு பேருக்குத் தின்னறான்.

— தின்னறா.

— தின்னறா. மன்னிச்சுக்கோங்க. அப்ப உங்களுக்கு இன்னிக்குச் சாப்பாட்டுக்கு? உப்புக்கண்டம் இருக்கு, மாவு பிசைஞ்சு பட்டை பட்டையா வெட்டிடறேன், உருளைக்கிழங்கு இருக்கு. தலை வைக்க முடியாது, அதுதான் குறை.

— தலை இங்க மடியில உக்காந்துட்டு என் பொத்தானைக் கடிக்குது. போதும். சாப்பிடறேன், வயிறு நிறையச் சாப்பிடறேன். இப்ப நடுவுல மெத்தையில உக்காருவேன். நீங்களே துரத்தினாலும் எழுந்திரிக்கமாட்டேன்.

— இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்கன்னு நாங்க கேக்கவேயில்லை, அண்ணே. கேக்கறதும் மரியாதை இல்லை.

— மரியாதை இல்லைதான். அதனால கேக்காதீங்க.

— மலைக்கு அந்தப் பக்கம் போய் யாருகிட்டேயும் இதைச் சொல்லிடாதீங்க, சம்பந்தி. ஆண் முயல் சினையாச்சுன்னு.

— தங்கச்சி, உங்க பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சந்து வழியா அப்போலேருந்து எட்டிப் பாத்துட்டு நிக்கறாரு. இருட்டறதுக்குள்ள சேதி நாரின் டவுன் வரைக்கும் போயிருக்கும். போகட்டும். அந்த ஆசி செல்லாமப் போச்சு, அதனால இந்த வீட்டுக்கு நான் ஒரு ஆசி பாக்கி. கையை விரிங்க ரெண்டு பேரும். இந்தக் கொட்டில்ல தண்ணி உறையாம இருக்கட்டும். மலையில இருக்கற மந்தை முழுசா இறங்கி வரட்டும். கல்பாக் சுகமாக் குட்டி போடட்டும். போன இலையுதிர் காலத்துல நிச்சயத்துக்கு நீங்க என் நூரிஸா காதுல போட்ட தோடு, திருப்பிக் குடுத்துடலாம்னு இன்னிக்கு நான் கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டு வந்த அந்தத் தோடு, மறுபடி கணவாயைத் தாண்டி அவ காதுக்கே போய்ச் சேரட்டும். நம்ம இந்தப் பேச்சு எந்தெந்த வீட்டுக்குப் போய்ச் சேருதோ, அந்த வீட்டுலயும் குளிர்காலம் முழுக்கப் படுக்கை காஞ்சிருக்கட்டும், அங்க வளர்ற சின்ன உயிருங்க எல்லாம் காதை நிமித்திக்கிட்டு வசந்தத்தைப் பாக்கட்டும். ஓமின்.